நெட்டோடைப் பாறையில் நடக்கிறவள்

எங்கள் நெட்டோடைப் பாறையில் ஒரு பெண் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். அவள் செத்து எத்தனை ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் தினமும் கொஞ்சம் நடந்தாள். நேற்று வெறும் கல்லாக இருந்த இடத்தில் காலையில் போய்ப் பார்த்தால் அவள் கால் பதிந்திருக்கும், விரல்களும் குதிகாலும் உள்ளங்கால் வளைவுமாக, மழை ஓய்ந்த களிமண்ணில் இப்போதுதான் யாரோ போனதுபோல. விரலை விட்டுப் பார்த்தால் கல். கடப்பாறைக்கும் அசையாத கல்.

அந்தப் பாறை ஊருக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் கிடக்கிறது. கிழக்கு ஓரத்தில் ஓடை, மேற்கு ஓரத்தில் ஒரு உடைமரம், அதற்கு அப்பால் இடுகாடு; எரிக்கிற இடமும் அங்கேதான். ஒரு காலத்தில் அது ஏரியின் சேறாக இருந்து இறுகியது என்று பிற்பாடு படித்தவர்கள் சொன்னார்கள். ஓடைப் பக்கம் சில பழைய குழிகள் எப்போதும் இருந்தன. அவற்றைக் காலடி என்று யாரும் நினைத்ததில்லை. துணி துவைக்கிற பெண்களுக்கு அவை சோப்பு வைக்கிற குழிகள். டீக்கடை பட்டம்மாவுக்கு முதல் குழி, என் மனைவி தையல்நாயகிக்கு அதற்கடுத்தது என்று பாத்தியதை உண்டு. ஊருக்குப் புதிதாக வாழ வந்த பெண்ணுக்கு அவள் குழி எது என்பதை மாமியார் கூட்டிப்போய்க் காட்டித் தருவாள்.

“ஏண்டி தையலு, இந்தக் குழி நேத்து இருந்துச்சா?” என்று ஒருநாள் பட்டம்மா கேட்டாள்.

“இல்லக்கா.”

“நல்லதாப் போச்சு. உன் எதுத்த வூட்டுக்காரி சோப்பு வைக்க எடமில்லாம எங் குழியில கொண்டாந்து வச்சிக்கிட்டுக் கெடந்தா.”

ஊர் அதை எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் மறுநாள் இன்னொன்று, அதற்கு மறுநாள் இன்னொன்று என்று குழிகள் ஓடையை விட்டு விலகி, சோப்புக்கு எட்டாத தூரத்துக்கு, வெயிலில் காய்கிற வெறும் பாறை மேல் மேற்கே போகத் தொடங்கியபோது, பட்டம்மா துவைத்த சேலையைப் பிழியாமல் தோளில் போட்டுக்கொண்டு கடைசிக் குழிவரை நடந்து போனாள். தன் காலை அதில் வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து, “பொம்பளக் காலுடி” என்றாள்.

நான் அப்போது ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போடுகிறவன். அதற்கு முன்னால் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற லாரியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். ஆந்திராவில் ஒரு மலையடிவாரத்தில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வடிவு இறந்தாள். மூன்று வயது முடியவில்லை. காய்ச்சல். செல்போன் இல்லாத காலம்; எனக்குச் சேதி வந்து நான் ஊர் வந்து சேர்ந்தபோது மண்ணில் புல் முளைத்திருந்தது. சின்னப் பிள்ளை என்பதால் பால் தெளிக்கவில்லை, பதினாறு கும்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் பல் விழாத பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. அழுதால் அடுத்தது தங்காது என்று அழவும் விடமாட்டார்கள். அடுத்தது வரவேயில்லை. தையல்நாயகி அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரே தட்டில் கையை நனைத்துக்கொண்டு வருஷங்களை அப்படியே கழித்தோம்.

பாறைச் சங்கதி பரவி, பல்கலைக்கழகத்திலிருந்து ஹெப்சிபா என்றொரு அம்மாள் வந்தார். நாகர்கோவில்காரர். தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் குப்புறப் படுத்து, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு காலடியாகத் தூசி தட்டுவார். தடம் தினமும் வளர்கிறது என்று சொன்னதும், “அப்படியா, அப்ப நான் இங்கேயே ரூம் எடுத்துக்கிறேன்” என்றார், அவ்வளவுதான். அவரிடம் எங்களுக்குப் பிடித்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்.

“டீச்சரம்மா, அவளுக்கு என்னா வயசு?”

“தெரியாதுக்கா.”

“எந்த ஊருக்காரி?”

“தெரியாது. ஆனா இங்க பாருங்க. எடது காலு வலத விட ஆழமா அமுங்கியிருக்கு, கொஞ்சம் வெளிப்பக்கமா சாஞ்சிருக்கு. எடது பக்கம் ஏதோ பாரம் வச்சிருக்கா.”

“கொடமா இருக்கும்” என்றார் ஊராட்சித் தலைவர் வையாபுரி.

தையல்நாயகி கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். “கொடமில்ல, புள்ள” என்றாள். “கொடம் அசையாது. புள்ள துள்ளும். பாருங்க, ஒண்ணு ஆழமா இருக்கு, அடுத்தது இல்ல, மறுபடியும் ஆழமா இருக்கு.”

ஹெப்சிபா அம்மாள் தரையிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இருக்கலாம்” என்றார்.

சில நாளில் அது நிச்சயமாயிற்று. பெரிய காலடி இரண்டும் சேர்ந்து நின்ற இடத்தில், பக்கத்திலேயே, வெற்றிலை அகலத்துக்கு இரண்டு குட்டிக் காலடிகள் பதிந்திருந்தன. இடுப்பு வலித்து இறக்கி விட்டிருக்கிறாள். அடுத்த காலடியிலிருந்து பாரம் வலப்பக்கம் மாறியிருந்தது. அன்று ஊரே பாறைக்கு ஓடியது. பால் சொம்பு கொண்டுவந்தார்கள், முறுக்கு கொண்டுவந்தார்கள், யாரோ ஒருத்தி தன் பேரனுடைய கொலுசைக் கழற்றிவந்து அந்தக் குட்டிக் குழியில் வைத்தாள். தையல்நாயகி எதுவும் கொண்டுபோகவில்லை. மண்டியிட்டு, அந்தச் சின்னக் குதிகாலில் தன் கட்டை விரலை வைத்தாள், குளிப்பாட்டும்போது அழுக்கு எடுப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் விடிந்ததும் பாறைக்குப் போனாள். போய் வந்துதான் அடுப்பு மூட்டினாள். “எங்க போறா தையலு அவ?” என்று கேட்டால், “அது தெரியணுமில்ல. அந்தப் புள்ளய எங்க கொண்டுபோறா, என்ன ஆச்சுன்னு தெரியணுமில்ல” என்பாள். வேறெதிலும் அவளுக்கு மனம் நிற்கவில்லை.

ஊர் அந்தப் பெண்ணை ‘நடக்கிறவ’ என்று அழைத்தது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. கல்யாணப் பேச்சுக்குப் போகிறவர்கள் அவள் தடத்தைத் தாண்டக்கூடாது என்று சுற்றிப் போனார்கள், இடுகாட்டுக்குப் பிணம் கொண்டுபோகிறவர்கள் அவள் குழிகளை மிதிக்காமல் பாடையைச் சாய்த்துப் போனார்கள், சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் ஓடைப் பாதையை விட்டு ஏரிக்கரைப் பாதைக்கு மாறின, டவுன் பஸ் கண்டக்டர் ‘நடக்கிறவ ஸ்டாப்பெல்லாம் எறங்கு’ என்று விசில் ஊதினான், வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் அவள் இன்று எதுவரை போயிருக்கிறாள் என்று கேட்டபடியே படி இறங்கினார்கள்.

ஒருநாள் வேறொரு தடம் குறுக்கே வந்தது. முறத்தளவு வட்டம், யானையைப் போல, ஆனால் யானையில்லை. இப்போது உலகத்தில் இல்லாத ஒரு மிருகம் என்றார் ஹெப்சிபா அம்மாள். அது அவள் காலடி இரண்டின் மேலேயே ஏறி மிதித்துப் போயிருந்தது.

“அய்யய்யோ, தொரத்துதா?” என்றாள் பட்டம்மா.

“இல்லக்கா. அவ போன பின்னாடி வந்திருக்கு. மேல மிதிச்சிருக்கு பாருங்க. இங்க நின்னிருக்கு. மோந்து பாத்திருக்கலாம். அப்புறம் அது பாட்டுக்குப் போயிருக்கு.”

அதற்கு அடுத்த நாள்தான் அவள் வழுக்கினாள். காலடி ஒன்று முழ நீளத்துக்கு இழுபட்டு, பெருவிரல் சேற்றை வழித்துக்கொண்டு போயிருந்தது. அதற்கடுத்த குழி இரண்டு பங்கு ஆழம், ஊன்றித் தாங்கியிருக்கிறாள். சேறும் மழையும் அவள் நாளில். எங்கள் நாளில் சித்திரை வெயில். கையில் பிள்ளையோடு ஒருத்தி வழுக்குகிறதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு எந்த ஊர் சும்மா இருக்கும்? தலைவர் வையாபுரி தன் டிராக்டரில் ஆற்று மணல் கொண்டுவந்தார். ஆளுக்கொரு கூடை எடுத்து அவள் போகிற திசையில் மேற்கு ஓரம்வரை பரப்பினார்கள். மழை படாமலிருக்கத் தென்னங்கீற்றால் பந்தல் போட்டார்கள். பந்தலடியில் ஒரு பானைத் தண்ணீரும் தகரக் குவளையும் வைத்தார்கள். வேலை முடிந்து எல்லோரும் கைகழுவி, வீட்டில் ஒரு பெண்ணைச் சுகமாக வழியனுப்பி வைத்த திருப்தியோடு போனோம்.

மறுநாள் காலடி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மணலை விலக்கிப் பார்த்தால் பாறை வெறும் பாறையாக இருந்தது. பந்தலில் காக்கை உட்கார்ந்திருந்தது. பானைத் தண்ணீரை மட்டும் யாரோ குடித்திருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்களாகவும் இருக்கலாம்.

ஹெப்சிபா அம்மாள் தொப்பியைக் கழற்றிப் பந்தலைப் பார்த்தார். கோபப்படவில்லை. “காஞ்ச தரையில யார் நடந்தாலும் தெரியாதுங்க. கஷ்டப்பட்டு ஈரத்துல நடந்தாத்தான் கால் பதியும். நீங்க அவளுக்கு நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. நமக்குத்தான் தெரியாமப் போச்சு.”

“நல்லா நடந்து போறால்ல? அது போதும்” என்றார் வையாபுரி.

“எப்படிப் போதும்?” என்றாள் தையல்நாயகி. அவள் ஊர்ப் பொதுவில் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். “புள்ளய எடுத்துக்கிட்டுப் போனவ. என்னா ஆச்சுன்னு தெரியாம வூட்டுல போயி எப்புடிச் சோறு திங்கறது?”

என் பக்கம் திரும்பி, “ஏங்க, தொட்டியத் தொறந்து வுடுங்க” என்றாள்.

சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் அது விளையாட்டுப் பேச்சில்லை. தொட்டி நிரம்ப மோட்டார் பாதி நாள் ஓட வேண்டும், கரண்ட் அந்த அளவுக்கு இராது. நான் தலைவர் முகத்தைப் பார்த்தேன். தலைவர் பட்டம்மா முகத்தைப் பார்த்தார்.

“என் கடைக்கி நாளைக்கித் தண்ணி வேணாம்” என்றாள் பட்டம்மா. “ஒருநாளு டீ குடிக்காட்டி இவனுங்க செத்தா போயிருவானுங்க? குடிச்சித்தான் என்னாத்தக் கிழிச்சானுங்க.”

பந்தலைப் பிரித்தோம். மணலைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினோம். ஊர் முழுக்கக் குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றது. நான் குழாயை நீட்டித் தொட்டித் தண்ணீரைப் பாறை மேல் விட்டேன், கல் கறுத்து, குளிர்ந்து, ஒரு பழைய ஏரியின் வாசனை எழும்பும்வரை.

காலையில் போனோம். மேற்கு ஓரத்தில், உடைமரத்துக்குப் பக்கத்தில், அவள் கால் பதிந்திருந்தது. விரல்கள் ஊரைப் பார்த்திருந்தன. அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

முதலில் எல்லோரும் சந்தோஷத்தில் குலவை போடப் போனார்கள். பிறகு ஹெப்சிபா அம்மாள் குனிந்து அளக்கிறதைப் பார்த்து நிறுத்தினார்கள். அவர் அளந்து முடித்து எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதற்குள் நாங்களே படிக்கக் கற்றிருந்தோம். இடதும் வலதும் ஒரே ஆழம்.

“எங்கடி புள்ள?” என்றாள் பட்டம்மா, குழியைப் பார்த்து.

வந்துகொண்டே இருந்தாள். மிருகம் மிதித்த வட்டங்களுக்கு வந்தபோது, போகும்போது அவள் மேல் விழுந்திருந்த அந்தத் தடத்தின் மேல் இப்போது அவள் கால் விழுந்தது. அவள் போனாள், மிருகம் வந்தது, அவள் திரும்பினாள் என்றார் ஹெப்சிபா அம்மாள். நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, “சேறு காயிற நேரத்துக்குள்ள” என்றார். பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, “தெரியாது” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பாள் என்றது ஒரு கட்சி; பேறுகாலத்துக்குப் போனவள் மூத்ததை ஆயா வீட்டில் விடுகிறதில்லையா, அறுப்புக்குப் போகிறவள் விடுகிறதில்லையா? மற்றக் கட்சி வாயைத் திறக்கவில்லை, கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் தையல்நாயகியைக் கேட்டார்கள், முதலில் பிள்ளை என்று சொன்னவள் அவள்தானே என்று.

“இன்னும் கொஞ்சம் நடக்கட்டும்” என்றாள். “புள்ளய உசுரோட வுட்டுட்டு வர்றவ நாலு எடத்துல நின்னு திரும்பிப் பாப்பா. அழுவுதா, வெளையாடுதான்னு பாப்பா. நிக்கிற கால் தெரியும், திரும்புற குதிகால் தெரியும். அது வரட்டும்.”

அது வந்ததா என்று பார்க்கத்தான் ஊர் தினமும் பாறைக்குப் போனது. தினமும் ஈரம் வேண்டும் என்று, குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குடத்தில் பிடித்து வீட்டுக்கு வீடு கொண்டுபோய் ஊற்றினார்கள். காலடிகள் ஒரே சீராக, ஒரே இடைவெளியில் வந்தன. எங்கும் நிற்கவில்லை. வழுக்கிய இடத்திலும் வழுக்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்ட இடத்தை, அந்த வெற்றிலையளவு இரண்டு குழிகளை, ஒட்டியே கடந்து வந்தாள், அங்கேயும் நிற்கவில்லை.

அன்று மத்தியானம் தையல்நாயகி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலேயே பேசினாள்.

“ஆம்பள இல்லாத வூடுன்னு அன்னைக்கி நாந்தாங்க நம்ம புள்ளய இடுப்புல வச்சித் தூக்கிட்டுப் போனேன். பொம்பள போறது உடமரம் வரைக்கும்தானே. அங்க வந்து பெரியவங்க இடுப்புலேருந்து வாங்கிக்கிட்டாங்க. காலு என் சேலையில மாட்டிக்கிச்சு. எடுத்து வுட்டேன். அப்புறம், போ, திரும்பிப் பாக்காமப் போன்னாங்க.”

கீரையை உருவினாள்.

“பாக்கல. சொன்னாங்கன்னு பாக்கல. பாறையத் தாண்டி, ஓடையத் தாண்டி, வூடு வரைக்கும் பாக்கல. பாத்திருந்தா தூக்கிட்டுப் போறது தெரிஞ்சிருக்கும். ஒரு தடவ பாத்திருக்கலாமில்லங்க?”

அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். “இவளாவது பாக்கட்டும்” என்றாள். “செத்த புள்ளன்னாலும் பாக்கட்டும்.”

நடக்கிறவள் பார்க்கவில்லை. எந்தக் காலத்திலிருந்து யார் அவளுக்குச் சொன்னார்களோ, பார்க்காமல் பாறை முழுக்கக் கடந்து, ஓடை ஓரத்துக்கு வந்து, சோப்புக் குழிகளுக்கு நடுவே கடைசியாக ஒரு கால் வைத்து, தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அதற்கப்பால் மணல். தடம் முடிந்தது.

அன்று யாரும் சொல்லாமலேயே ஊரில் அடுப்புப் புகையவில்லை. பெண்கள் பாறைக்குப் போய் வட்டமாக உட்கார்ந்தார்கள். பல் விழாத பிள்ளைக்கு அழுகிற வழக்கம் எங்களுக்கு இல்லாததால் எப்படித் தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒப்பாரியில் வருகிற சொல்லெல்லாம் கட்டிய புருஷனுக்கும் பெற்ற தாய்க்கும் உண்டானவை, மூன்று வயதுக்கு அதில் சொல் இல்லை. பட்டம்மாதான் மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டு, “எம் மவன் சின்னதம்பி” என்றாள். அவளுக்கு அப்படி ஒரு மகன் இருந்தது பாதி ஊருக்குத் தெரியாது. பிறகு வேறொருத்தி ஒரு பெயர் சொன்னாள். இன்னொருத்தி, “பேரு வைக்கலை, பொம்பளப் புள்ள” என்றாள். அப்படியே சுற்றி வந்தது, ஊர் இத்தனை காலமாக வாயைப் பொத்திக்கொண்டு புதைத்த பிள்ளைகளெல்லாம் பெயர் பெயராகப் பாறைக்கு வந்தன, கடைசியில் தையல்நாயகியிடம் வந்தது. அவள் “வடிவு” என்றாள். அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அவர்கள் எல்லோரும் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னார்கள், ஓடைக்கு அக்கரையில் நின்ற ஆண்களுக்குக் கேட்கிறமாதிரி.

பதினாறாம் நாள் அந்தக் குட்டிக் காலடிகளில் பால் ஊற்றினோம். அதன் பிறகு யாரும் எந்தக் குழியிலும் சோப்பு வைக்கவில்லை. அவரவர் டப்பா வாங்கிக்கொண்டார்கள். ஹெப்சிபா அம்மாள் ஊருக்குப் போகும்போது தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னக்கா எழுதட்டும்?” என்று கேட்டார். “போனா, வந்தான்னு எழுதுங்க” என்றாள் இவள்.

அப்புறம் எத்தனையோ கோடைகள் வந்து போயின. போன ஐப்பசியில் தையல்நாயகி போனாள். மழை இல்லாத ஐப்பசி. பெண்கள் உடைமரம்வரை வந்து நின்றார்கள். இப்போது ஊர்ப் பெரியவர்கள் என்று இருப்பவர்கள் நான் பார்க்கச் சட்டையில்லாமல் திரிந்தவர்கள். அவர்கள்தான் எல்லாம் சொன்னார்கள், நான் சொன்னபடி செய்தேன். குடம் உடைத்தேன். கொள்ளி வைத்தேன். “சித்தப்பா, திரும்பிப் பாக்காமப் போங்க” என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்கள்.

நடந்தேன். உடைமரத்தைத் தாண்டினேன். பாறை மேல் ஏறி, நடக்கிறவள் திரும்பி வந்த தடத்தின் ஓரமாகவே வந்தேன். பாறை நடுவில், பிள்ளையை இறக்கி விட்டிருந்த இடத்துக்கு வந்ததும் நின்றேன்.

“சித்தப்பா, நிக்காதீங்க” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

இடது குதிகாலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். உடைமரத்துக்கு மேலே புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டுகிற மட்டும் பார்த்தேன், எனக்காக ஒரு தடவை, தையல்நாயகிக்காக ஒரு தடவை. காலுக்கடியில் கல் குளிர்ந்தது, அமுங்கியது, விரல்களுக்கு இடையில் சேறு பிதுங்கியது. பார்த்து முடித்துத்தான் காலை எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் அது இறுகிவிட்டது.

அந்தக் காலடி அங்கே இருக்கிறது. சீராகத் திரும்பி வந்த காலடிகளுக்குப் பக்கத்தில், குதிகால் மட்டும் ஆழமாக, ஒரு பக்கம் முறுகி. என்றைக்காவது ஒருவர் குனிந்து தூசி தட்டி அதை அளப்பார். இங்கே ஒரு ஆள் நின்றிருக்கிறான், திரும்பிப் பார்த்திருக்கிறான் என்று சொல்வார். எதைப் பார்த்தான் என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டால், தெரியாது என்பார்.